உழவரிடம் பாடம் கேட்ட தாவரவியலாளர்: சர் ஆல்பர்ட் ஹோவர்ட்

லண்டன் மாநகரின் தென்கிழக்கே உள்ள பிளாக்ஹீத்தில், 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, 73 வயதான தாவரவியலாளர் ஒருவர் தமது இல்லத்தில் காலமானார். இந்தியா விடுதலை பெற்று அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அந்நாட்டில் 26 ஆண்டுகள் அரசுப் பணியில் கழித்தவர் அவர். பெயர் சர் ஆல்பர்ட் ஹோவர்ட். இயற்கை வேளாண்மை என்று இன்று உலகெங்கும் அறியப்படும் இயக்கத்தின் மூலவர்களில் ஒருவராக அவர் மதிக்கப்படுகிறார்.

அவரது புகழுக்குக் காரணம் மட்கு உரம். ஆனால் அவர் வாழ்வில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் அடங்கியிருக்கிறது. புதிய பயிர்முறை ஒன்றை உழவர் ஏற்றுக்கொள்வதும், ஏற்றதைச் சில பருவங்களில் கைவிட்டுவிடாமல் தொடர்ந்து செய்வதும் எதைப் பொறுத்தது என்பதே அக்கேள்வி. பங்கேற்பு அணுகுமுறை என்ற பெயரில் வளர்ச்சித் துறை வல்லுநர்கள் இன்று விவாதிக்கும் பொருள் இதுதான். ஹோவர்ட் காலத்தில் அச்சொல் புழக்கத்தில் இருக்கவில்லை.

1873 டிசம்பர் 8-ஆம் தேதி, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் உள்ள பிஷப்ஸ் காஸில் என்ற ஊரில், விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார் ஹோவர்ட். லண்டன் சவுத் கென்சிங்டனில் அமைந்திருந்த ராயல் காலேஜ் ஆஃப் சயன்ஸிலும், பிறகு கேம்பிரிட்ஜிலும் கற்றார். முதல் வேலை மேற்கிந்தியத் தீவுகளில். 1899 முதல் 1902 வரை பார்படோஸில் கரும்பு போன்ற பயிர்களின் பூஞ்சை நோய்களை ஆராயும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது.

அங்கேதான் அவருக்கு முதல் சங்கடம் எழுந்தது. நோய்களைப் பற்றி ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து எழுதுவது அவர் வேலை. அந்த எழுத்தை வைத்துத் தோட்டக்காரர்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டும். ஆனால் அந்த அறிவுரையைத் தாமே பயிரிட்டுச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஒரு துண்டு நிலம்கூட இல்லை. சிறிய தீவுகளுக்குச் சென்று கொக்கோவும் கூவைக்கிழங்கும் பயிரிடுவோரைச் சந்தித்தபோது, தாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைவிட அவர்கள் தமக்குச் சொல்லக்கூடியது அதிகம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. தாம் செய்து பார்க்காத ஒன்றைப் பிறரைச் செய்யும்படி கேட்பதில்லை என்ற தீர்மானத்துக்கு அவர் வந்ததும் இந்த அனுபவத்தால்தான்.

1903-இல் இங்கிலாந்து திரும்பி, கென்ட் பகுதியின் வை வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். பீர் தயாரிப்பில் சேர்க்கப்படும் ஹாப் என்ற கொடியைப் பற்றி அங்கே ஆராய்ந்தார். காய் தருவன பெண்கொடிகளே என்பதால், ஆண்கொடிகளைப் பயனற்றவை என்று தோட்டங்களிலிருந்து நீக்கும் வழக்கம் அப்போது இருந்தது. மகரந்தம் கிடைத்த பெண்கொடிகள் விரைவாக வளர்வதையும் நோயைத் தாங்குவதையும் ஹோவர்ட் தோட்டத்திலேயே செய்து காட்டினார். தோட்டக்காரர்கள் தயங்கவில்லை, ஆண்கொடிகளை மீண்டும் நட்டார்கள். செலவு சொற்பம், பலன் கண்ணெதிரே தெரிந்தது. இவ்வளவு எளிதான வெற்றி அவருக்குப் பிறகு வாய்க்கவில்லை.

பூசாவில் 75 ஏக்கர்

1905-இல் இந்திய அரசின் பொருளாதாரத் தாவரவியலாளராக ஹோவர்ட் நியமிக்கப்பட்டார். கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்த காலம் அது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த 30,000 பவுண்டு நன்கொடையின் துணையோடு, பிகாரில் பூசா என்ற இடத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் ஹோவர்ட் கேப்ரியல் மத்தேயியை மணந்தார். கேப்ரியல் கேம்பிரிட்ஜில் பயின்ற தாவர உடலியல் அறிஞர். ஒளிச்சேர்க்கை பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் பங்களித்தவர். இந்தியாவில் கணவர் பெயரில் அறியப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இருவரும் சேர்ந்து செய்தவை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பெண்களுக்கு அரசு ஆய்வுப் பதவிகள் எட்டாதிருந்த அக்காலத்தில், 1913-இல் அவரும் பொருளாதாரத் தாவரவியலாளராகப் பதவி பெற்றார்.

ஹோவர்ட் தமக்கென்று நிலம் கேட்டார். 75 ஏக்கர் கிடைத்தது. அதில் என்ன செய்வது என்று தீர்மானிக்க, அவர் சுற்றுவட்டாரக் கிராமங்களைப் பார்க்கத் தொடங்கினார். பூச்சிமருந்தோ, பூஞ்சைக்கொல்லியோ, விலைக்கு வாங்கிய உரமோ இல்லாத அந்த வயல்களில் பயிர்கள் நோயின்றி நின்றன. தானியத்தோடு துவரையைக் கலந்து விதைத்தார்கள். கால்நடைகளை உழவின் அங்கமாகவே வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி நிலையத்துக்குள் நோய் இருந்தது, வேலிக்கு வெளியே இல்லை என்ற நிலை அவரைச் சிந்திக்க வைத்தது. அப்பகுதி உழவர்களையும், கூடவே பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தம்முடைய பேராசிரியர்களாகக் கொள்வது என்று முடிவு செய்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார். ஆரோக்கியமற்ற பயிரை அடையாளம் காட்டுவது பூச்சியின் வேலை, ஆரோக்கியமான பயிரை வளர்க்கும் வழியைக் காட்டுவது உழவரின் வேலை என்பது அவர் கருத்து. பூச்சியைக் கொல்வதைவிட, அது ஏன் வந்தது என்று கேட்பதே முக்கியம் என்றும் அவர் கருதினார்.

கோதுமை ஆய்வில் இந்த அணுகுமுறையின் பலன் தெரிந்தது. உழவர்களின் வயல்களில் பல ரகங்கள் கலந்து கிடந்த நாட்டுக் கோதுமைகளைச் சேகரித்து, வகைப்படுத்தி, அவற்றிலிருந்தே சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்தனர் ஹோவர்ட் தம்பதியர். அவ்வாறு வந்த பூசா 4, பூசா 12 ஆகிய ரகங்கள் வட இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்பட்டன. கடல் கடந்து வந்த விதை அல்ல இது. உழவரின் வயலிலிருந்து எடுத்ததைத் துலக்கி உழவரிடமே திருப்பிக் கொடுத்ததால், அதை அவர்கள் ஐயமின்றி வாங்கிக்கொண்டதில் வியப்பில்லை.

தம் உழவு மாடுகளைப் பற்றி ஹோவர்ட் எழுதியதும் பரவலாக அறியப்பட்டது. அவரது தொழுவத்துக்கும் நிலையத்தின் பெரிய மாட்டுக்கொட்டகைக்கும் இடையே ஒரு தாழ்ந்த வேலி மட்டுமே இருந்தது. அந்தக் கொட்டகையில் கோமாரி நோய் அடிக்கடி வரும். நோயுற்ற மாடுகளோடு தம்முடைய எருதுகள் மூக்கை உரசிக்கொண்டதை அவர் பலமுறை கண்டார். ஆனால் தம் மாடுகளுக்கு நோய் வரவில்லை என்றார். நல்ல மண்ணில் விளைந்த தீவனமே காரணம் என்பது அவர் முடிவு. கட்டுப்பாடுள்ள சோதனை எதுவும் இன்றி எட்டப்பட்ட இந்த முடிவை அறிவியல் உலகம் அன்றும் ஏற்கவில்லை. இன்றைய வாசகரும் எச்சரிக்கையோடு அணுக வேண்டிய கூற்று இது.

பூசா நிலையம் துறைகளாகப் பிரிந்து கிடந்தது. மண் வேதியியலாளருக்கு, பூச்சி பூச்சியியலாளருக்கு, நோய் பூஞ்சையியலாளருக்கு. உழவருக்கோ எல்லாம் ஒரே வயல். ஹோவர்ட் தம் எல்லையைத் தாண்டி மண், நீர், வேர், நோய் என்று எல்லாவற்றிலும் தலையிட்டதால் சக விஞ்ஞானிகளின் எதிர்ப்பைச் சம்பாதித்தார். விருப்பப்படி ஆய்வு நடத்தத் தனி நிறுவனம் வேண்டும் என்று அவர் முயன்றதற்கு இதுவே காரணம்.

இந்தூர் முறை

1924-இல் அந்த வாய்ப்பு கிடைத்தது. இந்திய மத்தியப் பருத்திக் குழுவின் நிதியோடும், மத்திய இந்தியச் சமஸ்தானங்களின் ஆதரவோடும், ஹோல்கர் மன்னரின் இந்தூரில் தாவரத் தொழில் நிறுவனம் அமைந்தது. ஹோவர்ட் அதன் இயக்குநர்.

தம் பண்ணையில் வேலை செய்தவர்களை அவர் நடத்திய விதம் அக்காலத்துக்குப் புதுமையானது. கூலி தவறாமல் உரிய நாளில் வழங்கப்பட்டது. வேலை நேரம் குறைக்கப்பட்டது. ஓய்வும் குடியிருப்பும் மருத்துவ உதவியும் கவனிக்கப்பட்டன. இந்தப் பரிசோதனையைப் பற்றி எழுதிய கட்டுரையை ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இதழ் வெளியிட்டது. மண்ணுக்கு உரிய பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்றவர், அந்த மண்ணில் உழைத்தவரின் பங்கையும் நினைத்தார் என்பதற்கு இது சான்று.

இந்தூரில் ஹோவர்ட், வேதியியலாளர் யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தூர் முறை. சுமார் 30 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட ஆழமில்லாத குழிகளில் செடிக்கழிவு, தொழுவத்துப் படுக்கை, சாணம், கோமியம் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்ப வேண்டும். ஈரமும் காற்றும் அளவோடு கிடைக்கும்படி சில வாரங்களுக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். மூன்று மாதங்களில் கருமையான மட்கு தயாராகிவிடும். நம்மூர் எருக்குழியை அறிந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. எருக்குழியில் தற்செயலாக நடப்பதைக் கணக்கோடு நடத்தியதுதான் வேறுபாடு. கழிவுகளில் கரிமமும் தழைச்சத்தும் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும், எப்போது புரட்ட வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை தந்தது ஆய்வுக்கூடம். எதையும் வீணாக்காத சீன உழவர்களைப் பற்றி அமெரிக்க மண்ணியலாளர் ஃபிராங்க்ளின் கிங் எழுதி 1911-இல் வெளியான நூலும் ஹோவர்டுக்குத் துணை செய்தது. முக்கியமாக, உழவரிடம் ஏற்கனவே உள்ள மாடும் மண்வெட்டியும் போதும், கடன் வாங்க வேண்டியதில்லை என்பதை அவர் நிபந்தனையாகவே வைத்துக்கொண்டார்.

1930-இல் கேப்ரியல் காலமானார். மறு ஆண்டு ஹோவர்ட் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். கேப்ரியலின் சகோதரியும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் பணியாற்றியவருமான லூயிஸை மணந்தார். வாட் உடன் எழுதிய மட்கு உர நூல் அதே 1931-இல் வெளியானது. 1934-இல் சர் பட்டம் வந்தது. 1935-இல் காந்தியின் ஹரிஜன் இதழ் இந்தூர் முறையைத் தன் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது.

லண்டனிலிருந்து மலையகத்துக்கு

லண்டன் வாழ்க்கையில் ஹோவர்ட் விஞ்ஞானியாக இருந்ததைவிடப் பிரசாரகராகவே அதிகம் இயங்கினார். ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் சங்கத்தில் 1933-லும் 1935-லும் இந்தூர் முறை பற்றி உரையாற்றினார். தென் லண்டன் சதக் பகுதியின் குப்பைத்தொட்டிக் கழிவுகள் அரைக்கப்பட்டு, கின்னஸ் மதுபான நிறுவனத்துக்குச் சொந்தமான போடியம் ஹாப் தோட்டங்களுக்கு ரயிலில் சென்று மட்கானதை அவர் நகரங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார்.

இந்தூர் முறை உலகெங்கும் பரவியது. ஆனால் எப்படிப் பரவியது என்பது கவனிக்கத்தக்கது. கென்யாவின் காபித் தோட்டங்கள், இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்கள் என்று பெருந்தோட்டங்களே அதை முதலில் விரிவாக மேற்கொண்டன. 1937 இறுதியிலிருந்து 1938 தொடக்கம் வரை ஹோவர்ட் இந்தியத் தேயிலைத் தோட்டங்களையும் இலங்கைத் தோட்டங்களையும் சுற்றிப் பார்த்தார். தேயிலை வணிகத்தின் மையமாக இருந்த லண்டன் மின்சிங் லேனுக்கு அருகே இயங்கிய நிறுவனங்கள் முடிவெடுத்தால் போதும். உத்தரவு துரைக்குச் செல்லும், துரையிடமிருந்து கங்காணிக்குச் செல்லும். குழி வெட்டியவர்களும் மட்கைப் புரட்டியவர்களும் மலைச்சரிவில் கூடை கூடையாகச் சுமந்தவர்களும் இலங்கையில் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து சென்று குடியேறிய தொழிலாளர்கள். அவர்கள் விருப்பத்தை யாரும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. தோட்டத்தில் ஒரு முறை பரவுவதற்கு இசைவு தேவையில்லை, உத்தரவே போதும். எனவே அந்த வெற்றியை உழவர் ஏற்பாகக் கணக்கிட முடியாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

இந்தியக் கிராமங்களில் கதை வேறு. அங்கே இந்தூர் முறை எதிர்பார்த்த வேகத்தில் பரவவில்லை. காரணம் அறியாமை அல்ல, அடுப்பு. விறகு கிடைக்காத ஊர்களில் சாணம் வறட்டியாகி எரிந்தது. இதை ஹோவர்டுக்கு முன்பே ஒருவர் பதிவு செய்திருந்தார். லண்டனிலிருந்து 1889-இல் அனுப்பப்பட்ட வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்கர், இந்தியா முழுவதும் பயணம் செய்து 1893-இல் வெளியான தமது அறிக்கையில், இந்திய உழவர் சராசரி பிரிட்டிஷ் விவசாயிக்குக் குறைந்தவர் அல்லர் என்று முடிவு செய்தார். சாணத்தை எரிப்பது விறகுப் பஞ்சத்தால்தான், ஆகவே எரிபொருளுக்கென்று மரம் வளர்க்க வேண்டும் என்பது அவர் பரிந்துரை. ஹோவர்டும் இத்தடையை அறிந்தே இருந்தார். ஆயினும் காடும் மேய்ச்சல் நிலமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த நிலையில், உரக்குழிக்கு வழி சொன்னவரால் விறகுக்கு வழி செய்ய முடியவில்லை. மழைக்காலத்தில் நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் தேடும் சிறு உழவருக்கு, குழியைப் புரட்டும் வேலை கூடுதல் சுமையாகவும் இருந்தது.

1940-இல் வெளியான வேளாண்மை பற்றிய அவரது பெருநூல், பிரிட்டனில் ஈவ் பால்ஃபரையும் அமெரிக்காவில் ஜெரோம் ரோடேலையும் ஈர்த்தது. ரோடேல் 1942-இல் தொடங்கிய இயற்கை வேளாண் இதழில் ஹோவர்டின் பெயரும் இடம்பெற்றது. செயற்கை உரத்தின் மீதான அவரது தாக்குதல் இந்த ஆண்டுகளில் கடுமையானது. அதுவே அவரைப் பிரிட்டிஷ் வேளாண் ஆய்வு உலகிலிருந்து விலக்கியும் வைத்தது.

ஹோவர்ட் உண்மையிலேயே உழவர்களிடம் கற்றாரா என்ற கேள்வி அண்மைக் காலத்தில் எழுப்பப்பட்டுள்ளது. வரலாற்றாளர் கிரெகரி பார்ட்டன், ஹோவர்டின் தொடக்ககால ஆய்வறிக்கைகளில் வழக்கமான மேற்கத்திய அறிவியலே காணப்படுகிறது என்றும், உழவர்களை ஆசானாகக் காட்டும் சித்திரம் பிற்காலத்தில் வரையப்பட்டது என்றும் வாதிடுகிறார். 1953-இல் லூயிஸ் எழுதிய, இந்தியாவில் ஹோவர்ட் ஆற்றிய பணிகளைப் பற்றிய நூலுக்கும் அச்சித்திரத்தில் பங்குண்டு. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் நாட்டுக் கோதுமையிலிருந்து ரகம் தேர்ந்ததும், மாடும் மண்வெட்டியும் போதும் என்ற நிபந்தனையும் பிற்காலக் கற்பனைகள் அல்ல. அவர் உழவரைக் கவனித்தார், மதித்தார். ஆய்வின் கேள்வியைத் தீர்மானிக்கும் இடத்தில் அவர்களை உட்கார வைத்தாரா என்றால், இல்லை. அவர் பேராசிரியர்கள் என்று போற்றியவர்களில் ஒருவரும் நூலின் முகப்பில் பெயர் பெறவில்லை.

அந்த அடுத்த படி எடுக்கப்பட அரை நூற்றாண்டு ஆனது. இங்கிலாந்தின் சசெக்ஸில் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் 1980-களில் உழவரே முதலில் என்ற கருத்தை முன்வைத்தனர். இந்தோனேசியாவில் புகையான் பூச்சி நெல்லை அழித்தபோது, மருந்து தெளிக்கத் தெளிக்கப் பூச்சி பெருகுவது தெரியவந்தது. அங்கே 1989-இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கியது. ஒரு பருவம் முழுவதும் வாரம்தோறும் உழவர்கள் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணினார்கள், எது நன்மை செய்வது எது தீமை செய்வது என்று வரைந்து பார்த்தார்கள், தெளிப்பதா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்தார்கள். பூச்சியைப் பேராசிரியராகக் கொண்ட ஹோவர்டின் யோசனை இங்கே வகுப்பறையே ஆகிவிட்டது. மாணவர் இடத்தில் உழவர்.

தமிழ்நாட்டில் இதையொத்த பாதையில் நடந்தவர் கோ. நம்மாழ்வார். 1960-களில் கோவில்பட்டி மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், மானாவாரி நிலத்து ஏழை உழவர்களுக்குப் பயன்படாத உரச் சோதனைகளில் சலிப்புற்று 1969-இல் வெளியேறினார். பிறகு களக்காடு பகுதியில் கிராம மக்களோடு வேலை செய்தார். 2013 டிசம்பரில் மறையும் வரை ஊர் ஊராகச் சென்று உழவர்களோடு உரையாடுவதையே பயிற்சி முறையாக வைத்திருந்தார். அவரது இயக்கத்தில் பயின்றவர்கள் ஒரே வாய்ப்பாட்டைப் பின்பற்றவில்லை. ஒருவர் பஞ்சகவ்யத்தில் நின்றார், ஒருவர் பல்தானிய விதைப்பில், இன்னொருவர் நாட்டு நெல்லில்.

இதற்கு நேர்மாறான நிகழ்வு இலங்கையில் நடந்தது. 2021-ஆம் ஆண்டு மே மாதம், அதிபர் கோட்டாபய ராஜபக்ச அரசு ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நாடு முழுவதும் இயற்கை வேளாண்மை என்பதே இலக்கு என்று அறிவிக்கப்பட்டது. ஒரு ஏக்கர் நெல்லுக்குத் தேவையான மட்குக்குச் சாணமும் தழையும் எங்கிருந்து வரும், அதைப் புரட்ட ஆட்கள் எங்கே என்ற கேள்விகளுக்கு விடை காண ஒரு பருவம்கூட அவகாசம் தரப்படவில்லை. வன்னியிலும் பொலன்னறுவையிலும் விவசாயிகள் கவலையோடு விதைத்தார்கள். சிலர் விதைக்கவே இல்லை. ஹோவர்ட் சென்று பார்த்த அதே மலையகத்தில் தேயிலை உற்பத்தியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நவம்பர் மாதத்தில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் பெரும்போகம் அதற்குள் தொடங்கிவிட்டிருந்தது. அந்தப் போகத்தின் நெல் விளைச்சல் பெருமளவு சரிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்கப்படும் என்று 2022 ஜனவரியில் அரசு அறிவித்தது.